குரலர் இனத்தின் குறை

மார்ச் 4, திங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

நம் ஞாயிற்றுக்கிழமைக் கதையாட்டத்துக்காக நீங்கள் என்னிடம் விட்டுப்போன விதி நோட்டில் ஓர் இடம் மட்டும் பளபளப்பாக இருக்கிறது. குரலர் இனத்தின் பக்கத்தில், ‘பலம்’ என்ற வரிக்குக் கீழே, ‘குறை’ என்ற வரியில். ரப்பரால் அழுத்தித் தேய்த்த காகிதம் அப்படித்தான் பளபளக்கும். மலையருக்குக் குறை எழுதியிருக்கிறீர்கள்: எந்த வாசலிலும் நுழைய முடியாது. சிறகருக்கும் எழுதியிருக்கிறீர்கள்: நனைந்தால் பறக்க முடியாது. சிற்றடியருக்கு ஒரு பக்கம் முழுக்கக் குறைதான். என் இனத்துக்கு மட்டும் ஒன்றும் இல்லை. பதினான்கு மாதமாகக் குரலராக ஆடுகிறேன், நேற்றுதான் பார்த்தேன். நேற்றுதான் எல்லோரும் நோட்டைத் திறக்கச் சொன்னார்கள்.

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். பெரியம்மா உங்களுக்குப் போன் செய்திருப்பார். அவர் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு இது முதல் ஞாயிறு. வழக்கம்போலப் பெரியம்மாவின் அழகு நிலையத்தில், பின்னறையில், தலை காயவைக்கும் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு மேஜை போட்டோம். உங்கள் இடத்தில் மருந்துக்கடை அண்ணன் உட்கார்ந்து கதை சொன்னார். ஐந்து வாரமாக நாம் ஏறிக்கொண்டிருந்தோமே, அந்த மலையின் உச்சி வந்துவிட்டது. குகை. உள்ளே டிராகன். “வாய் நிறைய நெருப்பு. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை” என்றார் மருந்துக்கடை அண்ணன். அவருக்கு எதைச் சொன்னாலும் அப்படித்தான் வருகிறது.

பெரியம்மா தன் மலையர் பெண்ணுக்காக ஐந்து வாரம் சேர்த்த இரும்புக் கவசத்தை மாட்டத் தயாரானார். டிரைவர் அண்ணன் தன் சிறகனின் நாற்பது அம்புகளையும் ஒரு தடவை எண்ணினார். என் முறை வந்தது. எப்போதும்போல ‘கல் எறிகிறேன்’ என்று துண்டுச்சீட்டில் எழுதப் போனேன். பென்சில் முனை உடைந்துவிட்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் டிராகனைப் பார்த்து, அதாவது மருந்துக்கடை அண்ணனைப் பார்த்து, “தூங்கு” என்றேன்.

அவர் நோட்டைப் புரட்டினார். ‘குரலர் தன் வாயால், மேஜையில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சொல் சொன்னால், கேட்டவர் அதைச் செய்தே ஆகவேண்டும்.’ இரண்டு தடவை வாசித்தார். பகடை உருட்டவேண்டும் என்றுகூட அதில் இல்லை.

“தூங்கிருச்சு” என்றார்.

“எது?” என்றார் பெரியம்மா.

“டிராகன்தாங்க.”

“அஞ்சு வாரம்டி! அஞ்சு வாரமா அந்தக் கவசத்துக்கு ஆணி அடிச்சேன். ஒரு கை மாட்டக்கூட இல்ல!”

“ஸ்டாப் ஸ்டாப்பா நின்னு வந்து, கடைசியில இறங்குற இடமே இல்லைன்னா எப்படி?” என்றார் டிரைவர் அண்ணன்.

இப்போது எல்லோரும் சேர்ந்து, குரலரை எடுத்துவிட்டு எனக்குச் சிற்றடியரைக் கொடுக்கச் சொல்கிறார்கள். சிற்றடியருக்கு என்ன பலம் என்று உங்களுக்கே தெரியும். நன்றாக ஒளிந்துகொள்வார்கள். அதை நான் ஆட்டம் இல்லாமலே செய்வேன்.

மாமா, அந்த மேஜையில் நான் வாய்விட்டுச் சொன்ன முதல் சொல் அது. பத்தாம் வகுப்பில் வாய்மொழித் தேர்வுக்கு எழுந்து நின்றபோது என் பேரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. சலவைக்கூடத்தில் இயந்திரங்கள் போடும் சத்தத்தில் யாரும் யாரையும் பேசச் சொல்வதில்லை. அதற்காகவே அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் நேற்று ஒரு சொல் வந்தது. நன்றாக இருந்தது.

என் இனத்தை எடுத்துவிடாதீர்கள். அந்த வரியில் முதலில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் குறையோடு ஆடிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூனை


மார்ச் 7, வியாழன்

பூனைக்கு,

முதலில் ஒரு துக்கச் செய்தி. என் போன் காலமாகிவிட்டது. ஞாயிறும் இங்கே வேலை. நான் பதினான்காவது மாடி உயரத்தில், லிஃப்ட் போகும் குழாய்க்குள், இரும்புச் சட்டத்தில் பல்லிபோல ஒட்டிக்கொண்டு போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் துடித்தது. உன் பெரியம்மா. விட்டேன். மறுபடி உன் பெரியம்மா. பதினோராவது தடவை, சரி, அக்காவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று எடுக்கப்போனேன். கையில் கிரீஸ். பொத்தானை அமுக்கியதும் போன் கிளம்பிவிட்டது. பதினான்கு மாடியும் கீழே போகும்வரை அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. “எடுத்துட்டியா? டேய், எடுத்துட்டியா?”

புதுப் போன் அடுத்த மாதம்தான். அதுவரை எல்லாத் தீர்ப்பும் கடிதத்தில். இதை மேஜையில் சொல்லிவிடு. நீ எங்கே சொல்லப்போகிறாய், இந்தத் தாளையே காட்டிவிடு.

இனி வழக்கு. அதிக பலமுள்ள இனம் ஒன்று ஆட்டத்துக்குள் வந்துவிட்டால் அதை வெட்டக்கூடாது. வெட்டினால் ஆடுபவருக்கு வலிக்கும். அதற்கு ஒரு விலை வைக்கவேண்டும், அவ்வளவுதான். ஆகவே என் தீர்ப்பு: குரலர் ஒரு சொல் சொன்ன பிறகு, அடுத்த மூன்று முறை அவருக்குக் குரலே இருக்காது. வாய் திறக்கக்கூடாது, எழுதிக்கூடக் காட்டக்கூடாது. இதை மருந்துக்கடைக்காரரிடம் கொடு, அவர் பார்த்துக்கொள்வார்.

நீ கேட்ட அந்தப் பளபளப்பு, எண்ணெய்க் கறை. என் கை எப்படிப்பட்டதென்று உனக்குத் தெரியாதா? அதைப் போட்டுக் குடையாதே.

மாமா


மார்ச் 11, திங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் தீர்ப்பு பலிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியதும், கதவைப் பூட்டி வைத்திருந்த காவலாளியிடம் “திற” என்றேன். திறந்தான். அப்புறம் மூன்று முறை எனக்குக் குரல் இல்லை. நான் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. இத்தனை மாதத்தில் அந்த மேஜையில் நான் இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்ததில்லை.

பெரியம்மா கண்டுபிடித்துவிட்டார். “இது தண்டனையா? என் தம்பி இவளுக்குச் சம்பளத்தோட லீவு குடுத்திருக்கான்!”

நான்காவது முறை என் குரல் திரும்பி வந்தபோது, டிரைவர் அண்ணனின் சிறகன் எங்களை விட்டுவிட்டுத் தனியாகப் புதையலை நோக்கிப் பறந்துகொண்டிருந்தான். “இறங்கு” என்றேன். இறங்கினான். “வண்டி ஓட்டுறவனையே இறக்கிவிட்டுட்டாளே” என்று அவர் பகடையை உருட்டிவிட்டார், மேஜையிலிருந்து கீழே.

மறுபடி மூன்று முறை டீ குடித்தேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய தப்பு. பெரியம்மாவின் மலையர் பெண், எங்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்த கிழவனையே தூக்கி எறியப் போனாள். பெரியம்மாவும் பகடை உருட்ட எழுந்து நின்றார். எனக்குக் குரல் திரும்பியிருந்தது. “உட்காரு” என்றேன். மலையர் பெண்ணிடம்தான் சொன்னேன். உட்கார்ந்தது பெரியம்மா. பின்னால் இருந்த தலை காயவைக்கும் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். அதன் மூடி மேலிருந்து இறங்கி அவர் தலையில் கவிழ்ந்துகொண்டது. மருந்துக்கடை அண்ணன் சிரித்தார். டிரைவர் அண்ணன் மேஜைக்கு அடியில் பகடை தேடுவதுபோலப் போய்ச் சிரித்தார்.

மூடிக்குள்ளிருந்தே பெரியம்மா சொன்னார். “என் கடையில, என் நாற்காலியில, என்னையே உட்கார வைக்கிறா!”

அதற்குள் என்னையும் சிரிப்பு பிடித்துக்கொண்டது. அதை அவர் பார்த்துவிட்டார்.

மருந்துக்கடை அண்ணன் தீர்ப்பை வாசித்தது ஒருவருக்கும் புரியவில்லை என்றும், நடுவில் நாலு வரி விழுங்கிவிட்டார் என்றும் ஒரு பெரிய சண்டை. அது தனி.

இன்னொன்று சொல்லவேண்டும். எங்கள் சலவைக்கூடத்தில் கறை பார்க்கும் மேஜை ஒன்று உண்டு. மேலே கண்ணாடி, அடியில் விளக்கு. விரிப்பை அதன்மேல் விரித்தால் கண்ணுக்குத் தெரியாத கறையெல்லாம் தெரியும். இன்று சாப்பாட்டு நேரத்தில் உங்கள் நோட்டின் அந்தப் பக்கத்தை அதன்மேல் வைத்தேன். பென்சில் போய்விட்டாலும் அழுத்தி எழுதிய தடம் போகவில்லை.

‘குறை: ஆடுபவள் வாயே திறக்கமாட்டாள்.’

மாமா, அது எண்ணெய்க் கறை இல்லை. தினமும் எட்டு மணி நேரம் எண்ணெய்க் கறை எடுக்கிறேன். எண்ணெய் எனக்குத் தெரியும்.

இனங்களிலேயே பெரிய இனத்தை எனக்குக் கொடுத்தபோது, மாமாவுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்தேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

பூனை


மார்ச் 14, வியாழன்

பூனைக்கு,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டின்போது பிரித்தேன். சாப்பிடவில்லை.

எழுதினேன். உண்மைதான். எனக்குத் தெரிந்த தொழில் லிஃப்ட் ஒன்றுதான். கூண்டு ஒரு பக்கம் தொங்கும், அதைச் சமாளிக்க மறுபக்கம் இரும்புக் கட்டிகளை எதிரெடையாகத் தொங்கவிடுவோம். குரலரை உண்டாக்கியபோது கூண்டு ரொம்பக் கனமாகிவிட்டது. எதிரெடைக்கு எங்கே போவது என்று தேடினேன். நீ மூலையில் உட்கார்ந்திருந்தாய். சட்டென்று உன்னையே பிடித்துத் தொங்கவிட்டேன். எழுதி ஒரு வாரத்தில் எனக்கே அசிங்கமாக இருந்தது. அழித்தேன். அழித்தவன் வேறொரு குறையை எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. நீ பேசவே மாட்டாய் என்று அப்போதும் நம்பினேன். மன்னித்துவிடு. பிரியமும் இருந்தது. அதையும் நம்பு.

ஆனால் உன் பெரியம்மா எனக்கு எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். அழகு நிலையத்தின் விலைப்பட்டியல்களின் முதுகில். சாராம்சம் இது: வருகிற 25ஆம் தேதி, திங்கட்கிழமை, அவருக்கு இன்னொரு தலை காயவைக்கும் நாற்காலி வருகிறது. குரலர் இனம் இருந்தால் அந்த நாற்காலி நம் மேஜை இருக்கும் இடத்தில்தான் நிற்கும். போல்ட் போட்டு. அக்கா சொன்னால் செய்வார். மேஜை போட வேறு இடமும் நமக்கு இல்லை. மருந்துக்கடைக்காரர் வீட்டில் மாமனார், டிரைவர் வீட்டில் இரட்டைக் குழந்தைகள்.

மேஜை இருந்தால்தான் எந்த இனமும். ஆகவே என் தீர்ப்பு: குரலர் இனம் மூடப்படுகிறது. பூனைக்குச் சிற்றடியர் தரப்படுகிறது.

இனிமேல் தீர்ப்பை விழுங்கும் பிரச்சினை வேண்டாம் என்பதால் ஒரு நிபந்தனையும் சேர்க்கிறேன். இது அக்காவே கேட்டது. எந்தத் தீர்ப்பும் செல்லவேண்டுமானால், நோட்டை வைத்திருப்பவர் அதை மேஜையில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கவேண்டும்.

கோபப்படாதே. கோபப்பட்டாலும் எழுது.

மாமா


மார்ச் 18, திங்கள்

மாமாவுக்கு,

உங்கள் தீர்ப்பு சனிக்கிழமை கிடைத்தது. நேற்று வாசிக்கவில்லை.

நோட்டை வைத்திருப்பவள் நான். உங்களுக்கு அது மறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

“லெட்டர் வந்துச்சா?” என்றார் பெரியம்மா. தலையாட்டினேன். “நிபந்தனை போட்டிருக்கானா?” தலையாட்டினேன். “அப்ப வாசி.” வாசிக்கவில்லை. வாசித்தால்தான் தீர்ப்பு செல்லும். ஆடுபவள்தான் வாயே திறக்கமாட்டாளே, நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

“நான் வாங்கி வாசிச்சா செல்லாதா?” என்றார் பெரியம்மா. “நிபந்தனை நீங்க கேட்டதுதானேங்க, செல்லாது” என்றார் மருந்துக்கடை அண்ணன். கால்மணி நேரம் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடை அண்ணன் பையிலிருந்து தொண்டை மாத்திரை எடுத்து நீட்டினார். வாங்கிச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரைவர் அண்ணன் இரண்டாவது டீயைக் குடித்துவிட்டு, “வண்டி இன்னிக்கு டிப்போலயே நிக்குது” என்று எழுந்து போனார்.

ஆட்டம் நடக்கவில்லை. ஜெயித்ததுபோல இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. மாத்திரைதான் நன்றாக இருந்தது.

பூனை


மார்ச் 21, வியாழன்

பூனைக்கு,

நீ வாயைத் திறந்தாலும் ஆட்டம் கலைகிறது, மூடினாலும் கலைகிறது. இவ்வளவு பலமான இனம் என் நோட்டிலேயே கிடையாது.

சரி, நான் தோற்றேன். உன் கடிதம் வந்ததிலிருந்து தொங்கிக்கொண்டே யோசிக்கிறேன், எதுவும் தோன்றவில்லை. சொல்லுக்கு ஒரு பகடை வைத்தேன், உன் பெரியம்மா பகடையைக் குறை சொல்வார். நாளுக்கு ஒரு சொல் என்று வைத்தேன், அந்த ஒரு சொல்லிலேயே நீ எல்லோரையும் படுக்க வைத்துவிடுவாய்.

இத்துடன் ஒரு வெள்ளைத்தாள் இருக்கிறது. அடியில் என் கையெழுத்து மட்டும். நீயே தீர்ப்பு எழுது. என்ன எழுதினாலும் என் தீர்ப்புதான். ஆனால் நிபந்தனை நிபந்தனைதான், நீதான் வாசிக்கவேண்டும். ஞாயிறு விட்டால் திங்கட்கிழமை நாற்காலி வந்துவிடும். அப்புறம் நான் திரும்பி வந்து போல்ட்டைக் கழற்றினாலும் அக்கா என்னை விடமாட்டார்.

மாமா


மார்ச் 25, திங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

வெள்ளைத்தாளைச் சனிக்கிழமை முழுக்கச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். சாயங்காலம் கடைசியாக ஒரு கம்பளி வந்தது. ஒரே ஒரு கம்பளி. அவசரம் என்று அதைத் தனியாகப் பெரிய இயந்திரத்தில் போட்டுவிட்டார்கள். நனைந்த கம்பளி ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டது. தண்ணீர் பிழியச் சுற்ற ஆரம்பித்ததும் இயந்திரம் தரையில் நடக்கத் தொடங்கியது. உண்மையாகவே நடந்தது, வாசலை நோக்கி. சூப்பர்வைசர் அக்கா ஓடிப்போய் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். அவரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனது.

நான் போய் அதை நிறுத்தினேன். இந்த மாதிரி நேரத்தில் கம்பளியை யாரும் பாதியாக வெட்டுவதில்லை. கூட நான்கைந்து கனமான துவாலைகளைப் போட்டு மறுபடி ஓட்டுவோம், ஒழுங்காகச் சுற்றும். துவாலைகளைத் திணித்துக்கொண்டிருந்தபோதுதான், என்ன எழுதவேண்டும் என்று தெரிந்தது. கை ஈரமாக இருந்ததால் தாளின் ஒரு மூலை நனைந்துவிட்டது. உங்கள் கையெழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

நேற்று நான்கு பேரும் வந்தோம். பெரியம்மா புது நாற்காலிக்குத் தரையில் சாக்கட்டியால் நான்கு புள்ளி வைத்திருந்தார். மேஜை அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் இருந்தது. நான் எழுந்து நின்றேன். தாளை மேஜையில் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன். முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாவது தடவை பாதிக்கு மேல் வந்தது. “கேக்கலடி” என்றார் பெரியம்மா. மூன்றாவது தடவை முழுதாக வாசித்தேன்.

‘குரலரின் சொல் தனியாகப் பலிக்காது. சொல்வதற்கு முன்னால் குரலர், மேஜையில் இருக்கும் ஒவ்வொருவரையும் பார்த்து, நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் பங்கைச் செய்யவேண்டும். அவர்கள் செய்ததோடு சேர்ந்துதான் சொல் பலிக்கும். ஒருவரைக் கேட்காமல் விட்டாலும் பலிக்காது.’



“டிக்கெட் எடுக்காம ஏற முடியாது” என்றார் டிரைவர் அண்ணன். “நியாயமாத்தான் இருக்கு.”

“ஒவ்வொரு தடவையுமா?” என்றார் பெரியம்மா.

“ஒவ்வொரு தடவையும்” என்றேன்.

“எல்லாரையுமா?”

“எல்லாரையும்.”

பெரியம்மா சிரித்தார். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. “இவளா? பதினாலு மாசத்துல என் முகத்தப் பார்த்து டீ வேணுமான்னுகூட கேட்டதில்ல. இவ கேப்பாளாம், நான் சொல்வேனாம். இவ மட்டும் ஒரு தடவை என் முகத்தப் பார்த்துக் கேட்டுட்டா, அந்த நாற்காலிய முன்னறையிலயே இறக்கச் சொல்லிடறேன். இல்லைன்னா நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இந்த இடத்துல போல்ட்டு.”

“எழுதி வெச்சுக்கவா?” என்றார் மருந்துக்கடை அண்ணன்.

“எழுதிக்கோ.”

அவர் மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் தொண்டையைக் கனைத்துவிட்டுக் கதையைத் தொடங்கினார். பெரிய ஆறு. நடு ஆற்றில் எங்கள் படகு. துடுப்பு போட்டவன் பயந்து குதித்து நீந்திப் போய்விட்டான். படகின் அடியில் ஏதோ ஒன்று மெதுவாக உரசுகிறது. எவ்வளவு நீளம் என்று தெரியவில்லை. உரசி முடியவே இல்லை.

“முதல்ல யாரு?” என்றார்.

எல்லோரும் நோட்டுக்குள்ளும் டீக்குள்ளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்தான் இருக்கும் என்று நினைத்தேன். நேராகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது, நான் கேட்காமல் விட்டுவிடுவேனோ என்று.

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியைப் பெரியம்மா பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, “நீங்க என்ன பண்ணப் போறீங்க, பெரியம்மா?” என்று கேட்டேன்.